125 சிசி குவாட் பைக்: மாற்றியமைப்பதா, வேகமான வண்டி வாங்குவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் கனகபுரா சாலையில் உங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. அங்கே ஓட்ட, மூன்று முன் கியரும் ஒரு ரிவர்ஸும் உள்ள சீனத் தயாரிப்பு 125 சிசி குவாட் பைக் (நான்கு சக்கர மண்தட வண்டி) ஒன்று வைத்திருக்கிறீர்கள். அது 50 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. கோலார்ப் பக்கத்து மண் தடத்தில் 400 சிசி வண்டிக்கார நண்பர்களோடு ஓட்டும்போது நீங்கள் மட்டும் பின்தங்குகிறீர்கள். சிவாஜிநகர் மெக்கானிக் ஒருவர் போர் கிட் (சற்றுப் பெரிய சிலிண்டரும் பிஸ்டனும்), பெரிய கார்புரேட்டர், சைலன்சர், சிடிஐ (ஸ்பார்க் நேரத்தை ஆளும் மின்பெட்டி) எல்லாம் சேர்த்து 70,000 ரூபாயில் வண்டியை 80 தொட வைப்பதாகச் சொல்கிறார். உங்கள் அக்கா மகனும், பதிமூன்று வயதுப் பையன், இதே வண்டியைத்தான் ஓட்டுகிறான்.

என் பதில் இதுதான்: வேகத்துக்காக அந்த வண்டியில் பணம் போடாதீர்கள். கோலார்த் தடத்தில் நண்பர்களோடு சமமாக ஓட வேண்டும் என்பது உண்மையான தேவையாக இருந்தால், அந்த வேகத்துக்கென்றே சட்டமும் (ஃபிரேம்) பிரேக்கும் அமைந்த வண்டியைத் தேடி வாங்குங்கள். உங்கள் நிலத்தில் ஓட்டுவதுதான் முக்கியம் என்றால், இருக்கிற வண்டியைச் சீர்செய்து ஒழுங்காக வைத்துக்கொண்டாலே போதும். அதற்கு 70,000 ரூபாயில் பெரும்பகுதி தேவைப்படாது.

மெக்கானிக் சொன்ன எண்பதிலிருந்து தொடங்குகிறேன். இவ்வகை 125 சிசி இஞ்சின்களில் பரவலாக இருக்கும் ஒன்று 54 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டர் விட்டம்) 54 மில்லிமீட்டர் ஸ்டிரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்டது. கணக்குப் போட்டால் 123.7 சிசி வரும். போர் கிட் போட்டு இதை 140 சிசிக்குக் கொண்டுபோனாலும் கொள்ளளவு கூடுவது நூற்றுக்குப் பதிமூன்று பங்குதான். கார்புரேட்டரும் சைலன்சரும் தம் பங்குக்கு ஏதோ சேர்த்து, எல்லாம் கூடி இருபது முதல் முப்பது விழுக்காடு சக்தி உயர்ந்ததாகவே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆனால் 50 கிலோமீட்டரில் போகும் வண்டி 80-இல் போக வேண்டுமென்றால், காற்றைத் தள்ளும் வேலைக்கு மட்டும் நான்கு மடங்குச் சக்தி வேண்டும். ஏனெனில் அந்தத் தேவை வேகத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. மண்ணின் உராய்வு அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மண் தடத்தில் சுமார் இரண்டரை மடங்குச் சக்தி தேவைப்படும் என்பது என் மதிப்பீடு. இரண்டரை மடங்கு கேட்கிற இடத்தில் ஒன்றேகால் மடங்கைக் கொடுத்தால் ஐம்பது ஐம்பத்தாறாகும், அல்லது ஐம்பத்தெட்டாகும். தார்ச்சாலையில், லேசான இறக்கத்தில், எடை குறைந்த பையன் ஒருவனை உட்கார வைத்து எண்பதைத் தொட்டுக் காட்டுவது வேறு விஷயம்.

இதற்கு முன்னால் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சமதரையில் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் போகும்போது இஞ்சின் அலறுகிறதா, முக்குகிறதா என்று கவனியுங்கள். அலறினால் சக்தி மிச்சமிருக்கிறது, கியர் விகிதம்தான் கையைக் கட்டியிருக்கிறது என்று பொருள். அப்போது முன் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) 12 பல்லிலிருந்து 13 பல்லுக்கு மாற்றினால் அதே இஞ்சின் சுழற்சியில் வேகம் எட்டு விழுக்காடு கூடும். 50 என்பது 54 ஆகும். செலவு சில நூறு ரூபாய்தான்; ஜே.சி. ரோட்டில் பல் எண்ணையும் செயின் அளவையும் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். இஞ்சின் முக்கினால் இதைச் செய்யாதீர்கள். செய்தால் உச்ச வேகம் கூடாததோடு, திருப்பத்திலிருந்து எழும்பும் இழுவையும் போய்விடும். சிறு நிலத்தில் ஓட்டுபவருக்கு இந்த இழுவைதான் உயிர்நாடி என்பதால், சில வேளைகளில் நான் எதிர்த் திசையில், பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டச் சொல்வதும் உண்டு.

பெங்களூரில் ஓட்டுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டொன்பது விழுக்காடு குறைவு. காற்றை உறிஞ்சி எரிக்கும் எந்தச் சாதாரண இஞ்சினும் ஏறத்தாழ அதே அளவு சக்தியை இங்கு இழக்கும். கார்புரேட்டர் வண்டியில், கடல் மட்டத்துக்கு வைத்த ஜெட்டை (பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் சிறு துளை) அப்படியே விட்டால் பெட்ரோல் விகிதம் சற்றுக் கூடுதலாகும். மறுபக்கம், இப்போது பம்புகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையைச் சற்று மெலியச் செய்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்து ஓரளவு ஈடுசெய்துகொள்வதால், “மலை ஊர், ஜெட்டைக் குறை” என்கிற பழைய வாய்ப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. முழு ஆக்சிலேட்டரில் ஒரு நீள ஓட்டம் ஓடி, அப்படியே இஞ்சினை நிறுத்தி, ஆறிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் பகுதி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளிறியிருந்தால் குறைவு, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகும் அபாயம் உண்டு. போர் கிட் போட்ட இஞ்சினில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். உங்களுடையது காற்றில் குளிரும் இஞ்சின். ஒரு லிட்டர் அளவுக்குத்தான் ஆயில் பிடிக்கும். மெதுவான வேகத்தில் அதிகச் சுழற்சியில் சுற்றிச் சுற்றி ஓடும்போது அதன் சூடு போக வழியில்லை.

அந்த 70,000 ரூபாய்ப் பட்டியலில் பெரும்பாலும் இன்னொன்றும் இருக்கும்: மூடியில்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர். தயவுசெய்து அதை வேண்டாமென்று சொல்லுங்கள். கனகபுரா சாலையிலும் சரி, கோலாரிலும் சரி, கிளம்பும் செம்மண் தூசி மாவு போன்றது. மலிவான கம்பிவலை ஃபில்டர் அதைத் தடுக்காது. உள்ளே போகும் தூசி ஆயிலோடு சேர்ந்து பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். புதுப் போரும் சீக்கிரத்தில் நீலம் கலந்த வெள்ளைப் புகை கக்கத் தொடங்கும். மூடிய பெட்டிக்குள் ஆயில் பூசிய ஸ்பாஞ்சு ஃபில்டர் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவிக் காயவைத்து மீண்டும் ஆயில் பூசிப் போடுவதுதான் இந்த ஊர் மண்ணுக்கு ஏற்றது. அதனால் போகும் சக்தி உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இவ்வளவும் இஞ்சின் பற்றியவை. உண்மையில் என் தயக்கத்துக்குக் காரணம் இஞ்சின் அல்ல. அந்த மெக்கானிக் கெட்டிக்காரராக இருந்து, வேறொரு பெரிய இஞ்சினையே பொருத்தி எண்பதைத் தொட வைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தளர்ந்த மண்ணில் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பை வண்டி எடையில் பாதி என்று கொண்டால், 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்த பின் நிற்க 20 மீட்டர் வேண்டும். 80-இல் போவதற்கு 50 மீட்டர் வேண்டும். இது நல்ல பிரேக் உள்ள வண்டிக்கான கணக்கு. உங்களுடையதைப் போன்ற பல வண்டிகளில் முன்னால் சின்ன டிரம்மும், பின்னால் ஆக்சில் நடுவில் ஒற்றை டிஸ்க்கும்தான் இருக்கும். பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்காகும்போது அந்த டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பின் டிஸ்க் மட்டும் பிடித்தால் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் வந்துவிடும்.

அடுத்தது அகலம். வண்டி பக்கவாட்டில் கவிழாமல் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதை இடது, வலது சக்கர மையங்களுக்கு இடையிலுள்ள தூரமும், ஓட்டுபவரையும் சேர்த்த எடை மையத்தின் உயரமும் முடிவுசெய்கின்றன. சிறிய வண்டியில் சக்கர இடைவெளி 80 சென்டிமீட்டர், எடை மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சுமார் 26 கிலோமீட்டரிலேயே உள் சக்கரம் எழும்பத் தொடங்கும். ஓட்டுபவர் உள்பக்கம் நன்றாகச் சாய்ந்தால் இன்னும் சிறிது கூடும். மண்ணில் பெரும்பாலும் கவிழ்வதற்கு முன் டயர் சறுக்கிவிடுவதால் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். சறுக்கும் வண்டியின் வெளிச் சக்கரம் ஒரு மாட்டு வண்டித் தடத்திலோ, கல்லிலோ, தார்ச்சாலை ஓரத்திலோ திடீரென்று பிடித்துக்கொண்டால் அந்தத் தப்பித்தல் முடிந்துவிடும். பின் ஆக்சில், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் இல்லாத ஒரே தண்டு. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். அதனால்தான் மண்ணில் சாதுவாக நடந்துகொள்ளும் இந்த வண்டி தார்ச்சாலையில் முரண்டு பிடிக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: யமஹா ராப்டர் 700 என்னும் ஸ்போர்ட் குவாட்டின் மொத்த அகலம் ஏறத்தாழ 116 சென்டிமீட்டர். வேகத்துக்கென்றே கட்டிய வண்டி இப்படித்தான் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். நீளமாக அமுங்கும் ஷாக் அப்சார்பரும் முன் சக்கரம் இரண்டிலும் டிஸ்க்கும் இருக்கும். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்து அகலத்தைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். கூட்டலாம், ஆனால் நெம்புகோல் நீளம் கூடுவதால் பெரிங்கும் ஹப்பும் சுமக்கும் பாரம் கூடும். தரமான ஸ்பேசர் சிறிதளவு என்றால் சரி. இரண்டு அங்குலத்துக்கு மேல் மலிவு ஸ்பேசர் என்றால் நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன்.

உங்கள் வண்டியிடம் இதைப் பற்றி நேரடியாகவே கேட்டுவிடலாம். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். மேல்-கீழ் ஆட்டம் பெரிங் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்ததைக் காட்டும். இட-வல ஆட்டம் டை ராட் எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) தேய்ந்ததைக் காட்டும். பிறகு, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஏ-ஆர்ம் சட்டத்தோடு சேரும் வெல்டிங் இடத்தைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் முடி போன்ற கோடும் அதன் ஓரத்தில் துருச் சாயமும் தெரிந்தால், அது பெயின்ட் விரிசல் இல்லை, இரும்பு விரிசல். ஐம்பதிலேயே அப்படி விரியும் சட்டத்தை எண்பதுக்குக் கொண்டுபோவதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

உங்கள் நிலத்துக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதையும் பார்த்துவிடலாம். நான்கு ஏக்கர் சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 127 மீட்டர். வேலி ஓரத்தையும் திருப்பத்தையும் கழித்தால் நேர்ப்பாதை 100 மீட்டர் மிஞ்சும். 25 கிலோமீட்டரில் திருப்பத்திலிருந்து வெளிவந்து, அடுத்த திருப்பத்துக்கு அதே வேகத்துக்குக் குறைய வேண்டும் என்றால், வலுவான வண்டியில்கூட 70 வாக்கிலேயே பிரேக் பிடித்தாக வேண்டும். அதாவது 700 சிசி வாங்கினாலும் அந்த நிலத்தில் அதன் முழுத் திறமையைப் பார்க்க மாட்டீர்கள். அங்கே நல்ல டயரும் ஒழுங்கான பிரேக்கும் திருப்பத்திலிருந்து எழும்பும் இழுவையும்தான் மகிழ்ச்சியைத் தரும். ஆகவே சிறிய வண்டிக்கு நான் செய்யச் சொல்வது: பிரேக் ஷூவும் பேடும் புதிது, பிரேக் ஆயில் மாற்றுதல், தேய்ந்த டை ராட் எண்டும் ஏ-ஆர்ம் புஷ்ஷும், மண்ணைக் கவ்வும் ஆழமான பட்டன் கொண்ட பின் டயர் இரண்டு, கார்புரேட்டர் சுத்தம், சோதனை அனுமதித்தால் ஸ்பிராக்கெட். அத்துடன் நிறுத்துங்கள்.

இனி வாங்குவது. எதை வாங்கினாலும் முதலில் நண்பரின் 400-ஐ அதே கோலார்த் தடத்தில் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள். அவரை உங்கள் 125-இல் ஓட்டச் சொல்லுங்கள். அவர் உங்கள் வண்டியிலும் உங்களை முந்தினால், பின்தங்குவதற்குக் காரணம் வண்டி மட்டுமல்ல என்று தெரிந்துவிடும். இது குத்தலாகத் தோன்றலாம், ஆனால் லட்சக்கணக்கில் போடுவதற்கு முன் இதைவிட மலிவான சோதனை இல்லை.

குவாட் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான போலாரிஸ் 2011-இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் ஃபீனிக்ஸ் 200 பழகுவதற்கு ஏற்றது. ஆனால் 196 சிசி, பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் என்பதால் 400 வைத்திருக்கும் நண்பர்களைத் துரத்த உதவாது. ஸ்போர்ட்ஸ்மேன் 570 வலிமையானது, நான்கு சக்கர இழுவை உள்ளது. எஸ்டேட் வேலைக்கு அருமை. முந்நூறு கிலோவுக்கு மேல் எடையும் உயரமும் கொண்ட அதைத் தடத்தில் வளைத்து ஓட்டுவது உழைப்பு. நீங்கள் தேடுவது ஸ்போர்ட் வகை. ஹோண்டா டிஆர்எக்ஸ் 250 எக்ஸ் 229 சிசி, காற்றில் குளிர்வது, கிளட்ச் பிடிக்காமலும் கியர் மாற்றலாம். வேகத்தில் அசத்தாது, ஆனால் சட்டம் ஒழுங்கானது. சுசுகி எல்டி-இசட் 400 என்பது 398 சிசி, நீரில் குளிர்வது. இரண்டாம் கையில் நல்ல நிலையில் கிடைத்தால் உங்கள் தேவைக்கு அதுதான் என் முதல் தேர்வு. யமஹா ஒய்எஃப்இசட் 450 ஆர் பந்தய வண்டி. அடிக்கடி ஆயில் மாற்றலும் வால்வு இடைவெளிச் சோதனையும் கேட்கும். டாக்கர் ராலி என்னும் பாலைவனப் பந்தயத்தின் குவாட் பிரிவில் யமஹா பெற்ற வெற்றிகளை நினைத்துக்கொண்டு 125-இலிருந்து நேராக ராப்டர் 700-க்குத் தாவ வேண்டாம். 686 சிசி ஒற்றை சிலிண்டரின் இழுவை, கட்டைவிரல் ஒரு சென்டிமீட்டர் அதிகம் அழுந்தினாலே முன் சக்கரத்தைத் தூக்கிவிடும்.

விலையைவிட இரண்டு விஷயங்கள் எனக்குக் கவலை தருபவை. ஒன்று, உதிரி பாகம். உங்கள் 125 சிசி இஞ்சின் ஹோண்டாவின் படுக்கை சிலிண்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பிளெண்டரைப் பிரித்துப் போட்ட எந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். ஜப்பானிய ஸ்போர்ட் வண்டிக்கு ஒரு கேஸ்கெட் என்றாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே கிளட்ச் பிளேட், பிரேக் பேட், ஃபில்டர், கேஸ்கெட் செட் ஒன்றை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டாவது, காகிதம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆர்.சி. கிடையாது என்பதால், இறக்குமதி ஆவணமும் விலைப்பட்டியலும் மட்டுமே உரிமைச் சான்று. வண்டியின் ஃபிரேமில் பொறித்த எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் பொருந்தாவிட்டால், அல்லது “பேப்பர் எல்லாம் வந்துவிடும் சார்” என்று சொன்னால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். சுங்கம் கட்டாமல் உள்ளே வந்த வண்டியை 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழ்ப் பறிமுதல் செய்யலாம். நான் நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று சொல்வதால் வண்டி திரும்பி வராது.

சாலையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடம் தராது. கனகபுரா சாலையைக் குறுக்கே கடந்து பக்கத்து நிலத்துக்குப் போவதும் இதில் அடங்கும். விபத்து நடந்தால் மூன்றாம் நபர் காப்பீடும் இல்லை. 2020-இல் ஸ்போர்ட்ஸ்மேன் 570-இன் டிராக்டர் வகை பதிவுக்கு ஏற்றதாக வந்தது. அதுவும் விவசாய டிராக்டராகவே. கோலாருக்கு எடுத்துப் போக ஒரு டாடா ஏஸ் வாடகைக்குப் பிடியுங்கள்; 116 சென்டிமீட்டர் அகல வண்டியும் அதன் தொட்டியில் அடங்கும். நான்கு மூலையிலும் ராட்செட் பட்டை போட்டு, ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கும்வரை இறுக்குங்கள்.

கடைசியாக உங்கள் அக்கா மகன். என் முடிவுக்கு இன்னொரு வலுவான காரணம் அவன்தான். அமெரிக்காவில் 1988-இல் அரசும் உற்பத்தியாளர்களும் நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 90 சிசிக்கு மேற்பட்ட வண்டியைப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று வைத்தார்கள்; மூன்று சக்கர வண்டி விற்பனையையும் அப்போதே நிறுத்தினார்கள். அந்த அளவுகோலின்படி இப்போதைய 125-ஏ அவனுக்குப் பெரியது. போர் கிட் போட்டுவிட்டு, வாரக் கடைசியில் நீங்கள் வராத நாளில் அவன் சாவியை எடுத்தால், பழைய பிரேக்கோடு புதிய வேகம் அவன் கையில் இருக்கும். நீங்கள் வேறு வண்டி வாங்கினாலும் 125 அவன் வளரும்வரை வேகம் கூட்டாமல் அப்படியே இருக்கட்டும். அதற்குள் அவன் ஓட்டத்தான் போகிறான் என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். கட்டைவிரல் ஆக்சிலேட்டர் பெட்டியின் பின்னால் பூட்டு நட்டோடு ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதை உள்ளே முறுக்கினால் லீவர் முழுவதும் அழுந்தாது. முதலில் 20 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி முறுக்கி, பூட்டு நட்டை ஸ்பேனரால் இறுக்கிவிடுங்கள். கையில் கட்டும் கயிறு இழுபட்டால் இஞ்சின் நிற்கும் கில் ஸ்விட்ச் பின்பக்கத்தில் இல்லையென்றால் ஒன்றைப் பொருத்துங்கள். ஹெல்மெட்டும், கணுக்காலை மூடும் பூட்சும் இல்லாமல் அவனை ஏறவிடாதீர்கள். பின்னால் இன்னொரு பையனை உட்கார வைக்கவும் அனுமதிக்காதீர்கள், அந்த நீள சீட் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்காக வைத்தது.